படிப்புக் கடனும் பட்டத்தின் சம்பளமும்

தொழிலகப் பொறியியல் மாணவர்களுக்குப் ‘பொறியியல் பொருளாதாரம்’ என்று ஒரு பாடம் உண்டு. கடன் வாங்கி ஓர் இயந்திரத்தை நிறுவினால் எத்தனை ஆண்டில் போட்ட பணம் திரும்பும், வட்டி போக மிஞ்சுவது எவ்வளவு, இரண்டு இயந்திரங்களில் எது கட்டுப்படியாகும் என்று கணக்கிடச் சொல்லித்தரும் பாடம் அது. அதே சூத்திரத்தில் இயந்திரத்தின் இடத்தில் மாணவரை உட்காரவைத்தால், கல்விக் கடன் வாங்கி இந்தப் பட்டத்தைப் படிப்பது லாபமா நட்டமா என்பதும் தெரிந்துவிடும். சூத்திரம் ஆளையும் இயந்திரத்தையும் பிரித்துப் பார்க்காது. பிரித்துப் பார்க்க வேண்டுமா, வேண்டுமென்றால் எந்த இடத்தில் என்பதுதான் கேள்வி. கடன், வட்டி, குருவுக்குச் செலுத்த வேண்டியது ஆகியவை பற்றி மதங்களும் தத்துவங்களும் ஈராயிரம் ஆண்டுக்கு மேலாகப் பேசிவருகின்றன. வங்கி மேலாளரும் பெற்றோரும் மட்டும் உட்கார்ந்து தீர்த்துக்கொள்ளக்கூடிய விஷயமாக இது என்றும் இருந்ததில்லை.

மனிதரை இயந்திரத்தோடு ஒப்பிடும் வழக்கத்துக்குப் பெரிய முன்னோடி ஆடம் ஸ்மித். நிறையப் பணமும் காலமும் செலவிட்டுத் தொழில் கற்றவரை விலையுயர்ந்த இயந்திரத்துக்கு ஒப்பிட்டு, சாதாரணக் கூலிக்கு மேல் அவருக்குக் கிடைப்பது படிப்புச் செலவை உரிய லாபத்தோடு ஈடுசெய்ய வேண்டும் என்று 1776இல் வெளிவந்த ‘தேசங்களின் செல்வம்’ நூலில் அவர் எழுதினார். அத்தோடு நிறுத்தவில்லை. மனித ஆயுள் நிச்சயமற்றது, அதைக் கருத்தில் கொண்டு நியாயமான காலத்துக்குள் அந்தச் செலவு திரும்ப வேண்டும் என்றும் சேர்த்துக்கொண்டார். கேரி பெக்கர் 1964இல் வெளியிட்ட ‘மனித மூலதனம்’ நூலுக்குப் பிறகு ஒப்புமை ஒரு தனித்துறையாகவே வளர்ந்தது. கல்லூரிகள் பட்டவாரியாகச் சம்பளக் கணக்கு வெளியிடுவதும், பெற்றோர் அதைப் பார்த்துப் பிரிவைத் தேர்ந்தெடுப்பதும் அதன் வழிவந்தவை. ஸ்மித் சேர்த்த நிபந்தனை வழியில் எங்கோ நழுவிவிட்டது.

இந்தக் கேள்விக்குத் தொழிலகப் பொறியியல் பொருத்தமான எடுத்துக்காட்டு. மனித உழைப்பை அளப்பதிலிருந்தே இந்தத் துறை பிறந்தது. ஃபிரெடரிக் டெய்லர் கடிகாரம் பிடித்து வேலையை அளந்தார். ஃபிராங்க், லில்லியன் கில்பிரெத் தம்பதி கையசைவுகளைப் படமெடுத்துத் துண்டு துண்டாகப் பிரித்தார்கள். 1909இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா ஸ்டேட் கல்லூரியில் இதற்கென்று தனித்துறை வந்தது. மும்பையில் 1963இல் தேசியத் தொழிலகப் பொறியியல் பயிற்சி நிறுவனம் தொடங்கப்பட்டது. 2023 முதல் அது ஐ.ஐ.எம். மும்பை. சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியிலும் தொழிலகப் பொறியியலுக்குத் தனித்துறை இருக்கிறது.

இந்தப் படிப்பின் வேலையைத் திருப்பூர் பனியன் கம்பெனிகளில் கண்ணால் பார்க்கலாம். அங்கே ‘ஐ.இ.’ என்று அழைக்கப்படும் தொழிலகப் பொறியாளர், ஓவர்லாக் மெஷினில் ஒரு டி-ஷர்ட்டின் தோளை மூட்ட எத்தனை விநாடி ஆகிறது என்று தையல்காரரின் பக்கத்தில் நின்று கடிகாரம் பிடிப்பார். கிடைத்த விநாடியை அப்படியே எழுதிவிட மாட்டார். ஆள் களைத்துப்போவதற்கும், நூல் அறுவதற்கும், தண்ணீர் குடிக்க எழுந்து போவதற்கும் இத்தனை சதவீதம் என்று ‘அலவன்ஸ்’ சேர்த்த பிறகுதான் ஒரு பீஸுக்கு இத்தனை நிமிடம் என்ற எண் வரும். லைனுக்கு எத்தனை தையல்காரர், மணிக்கு எத்தனை பீஸ் டார்கெட், வெளிநாட்டு வாடிக்கையாளரிடம் என்ன விலை கேட்பது எல்லாம் அந்த எண்ணிலிருந்து கிளம்பும். அலவன்ஸ் இல்லாத டார்கெட்டை எந்த ஐ.இ.யும் ஒப்புக்கொள்ள மாட்டார். அது அடையவே முடியாத டார்கெட் என்று அவருக்குத் தெரியும். இந்தச் சின்ன விவரம் பின்னால் தேவைப்படும்.

முதலில் அமெரிக்கக் கணக்கு. அந்நாட்டுத் தொழிலாளர் புள்ளியியல் அலுவலகத்தின்படி 2023 மே மாதம் தொழிலகப் பொறியாளர்களின் இடைநிலை ஆண்டுச் சம்பளம் 99,380 டாலர். பாதிப் பேர் அதற்கு மேல், பாதிப் பேர் அதற்குக் கீழ். 2023 முதல் 2033 வரை இந்த வேலைகள் 12 சதவீதம் கூடும் என்பதும் அதே அலுவலகத்தின் மதிப்பீடு. பெற்றோரைச் சார்ந்திருக்கும் இளநிலை மாணவர் நான்கு ஆண்டுகளில் மத்திய அரசிடம் தன் பெயரில் வாங்கக்கூடிய கடன் அதிகபட்சம் 27,000 டாலர். பெற்றோர் பெயரிலும் தனியாரிடமும் வாங்குவது தனி. 2023-24க்கான வட்டி 5.5 சதவீதம். மொத்தத்துக்கும் அதே வட்டி என்று வைத்துப் பத்து ஆண்டுகளில் அடைத்தால் மாதத் தவணை ஏறக்குறைய 293 டாலர். புதிதாக வேலைக்குச் சேருபவருக்கு ஆண்டுக்கு 70,000 டாலர்தான் கிடைக்கிறது என்று குறைத்து வைத்தாலும், தவணை சம்பளத்தில் 5 சதவீதம். வேலைவாய்ப்புப் படிப்புகளுக்காக அமெரிக்கக் கல்வித்துறை 2023இல் வகுத்த விதி, ஆண்டுத் தவணை ஆண்டு வருமானத்தில் 8 சதவீதத்துக்குள் இருந்தால் கடன் சோதனையில் படிப்பு தேறியதாகக் கொண்டது. அந்த அளவுகோலில் தொழிலகப் பொறியியல் தாராளமாகத் தேறிவிடும்.

இந்தக் கணக்கில் வழக்கமான ஓட்டைகள் உண்டு. படித்த நான்கு ஆண்டுகளில் சம்பாதித்திருக்கக்கூடிய கூலி கழிக்கப்படவில்லை. பொறியியலில் சேரும் மாணவர் வேறு எதைப் படித்திருந்தாலும் ஓரளவு நன்றாகவே சம்பாதித்திருப்பார் என்பதால், சம்பளம் முழுவதையும் பட்டத்தின் பேரில் வரவு வைக்க முடியாது. இவற்றைச் சரிசெய்ய முறைகள் இருக்கின்றன. சரிசெய்தாலும் விடை பெரிதாக மாறாது.

விடை மாறுவது இன்னொரு வகை மாணவரிடம். தமிழ்நாட்டில் மெக்கானிக்கல் முடித்துவிட்டு, இந்திய வங்கியில் கடன் வாங்கி, அமெரிக்காவில் தொழிலகப் பொறியியலில் எம்.எஸ். படிக்கப் போகிறவர் அவர். கடன் 30 லட்சம், வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்ளலாம். முழுத்தொகையும் தொடக்கத்திலேயே வாங்கி, படிப்பும் வேலை தேடலும் சேர்ந்து இரண்டரை ஆண்டு கழித்துத் தவணை தொடங்கினால், அதற்குள் தனிவட்டியே ஏழரை லட்சம் ஏறிவிடும். 37.5 லட்சத்தைப் பத்து ஆண்டுகளில் அடைக்க இ.எம்.ஐ. ஏறக்குறைய 49,500 ரூபாய். அமெரிக்காவில் ஆண்டுக்கு 75,000 டாலரில் வேலை கிடைத்து, டாலர் 85 ரூபாயாகவும் இருந்தால், தவணை அவருடைய சம்பளத்தில் 9 சதவீதத்தைச் சற்றுத் தாண்டும், சமாளித்துவிடலாம். அவரே ஊர் திரும்பி மாதம் 50,000 ரூபாய் சம்பளத்தில் சேர்ந்தால், சம்பளம் அப்படியே தவணைக்குப் போகும். பேருந்துக்குக் காசு வீட்டில்தான் கேட்க வேண்டும்.

இந்த இரண்டு நிலைகளுக்கும் நடுவில் அவருடைய படிப்பிலோ மதிப்பெண்ணிலோ ஒரு மாற்றமும் இல்லை. அமெரிக்காவில் படித்து முடித்தவர் முதலில் 12 மாதமும், பொறியியல் போன்ற துறை என்பதால் மேலும் 24 மாதமும் மாணவர் விசாவிலேயே வேலை செய்யலாம். அதற்குப் பிறகு தங்குவதற்குப் பெரும்பாலோர் நம்பியிருப்பது எச்-1பி விசா. ஆண்டுக்கு 65,000, அமெரிக்க முதுநிலைப் பட்டம் பெற்றவர்களுக்குக் கூடுதலாக 20,000 என்று அதற்கு வரம்பு. விண்ணப்பங்கள் வரம்பைத் தாண்டும்போது யாருக்கு என்பதைத் தேர்வுக் குலுக்கல் தீர்மானிக்கிறது. வட்டி விகிதம் பத்திரத்தில் எழுதப்பட்டிருக்கிறது. சம்பளம் எங்கும் எழுதப்படவில்லை. பட்டத்தின் மதிப்பைச் சராசரியாகவோ இடைநிலையாகவோ சொல்லும்போது கண்ணில் படாமல் போவது இதுதான்: ஆயிரம் பேருக்குச் சேர்த்துப் பார்த்தால் லாபமாக இருக்கும் ஏற்பாட்டில், குறிப்பிட்ட நூறு பேர் மூழ்கலாம். வங்கிக்கு ஆயிரம் பேரும் ஒரே பேரேட்டில் இருக்கிறார்கள். மாணவருக்குத் தன்னைத் தவிர வேறு பேரேடு கிடையாது.

இந்த ஆபத்தை யார் தாங்குவது என்று கேட்பதற்கு முன்னால் இன்னொரு தடையைக் கடக்க வேண்டும். கல்விக்கு விலை வைப்பதே தவறு என்றால் சம்பளத்தோடு கடனை ஒப்பிடும் பேச்சுக்கே இடமில்லை. அப்படிச் சொன்னவர்கள் பலர். சாக்ரடீஸ் கட்டணம் வாங்கவில்லை. வாங்கிய சோஃபிஸ்டுகளை பிளேட்டோ கடைக்காரர்களைப் போல நடத்தினார். ஐரோப்பாவின் இடைக்காலத் திருச்சபைச் சட்ட அறிஞர்கள், அறிவு கடவுளின் கொடை, ஆகவே விற்பனைக்கு இல்லை என்றார்கள். ஆசிரியர் எதைச் சாப்பிடுவது என்ற கேள்வி உடனே எழுந்தது. அறிவுக்கு விலை வாங்கக் கூடாது, கற்பிக்கும் உழைப்புக்குக் கூலி வாங்கலாம் என்று ஒரு வழி கண்டார்கள். 1179இல் கூடிய மூன்றாம் லாத்தரன் சங்கம், ஒவ்வொரு பேராலயத்திலும் ஏழை மாணவர்களுக்கு இலவசமாகக் கற்பிக்க ஓர் ஆசிரியரை அமர்த்தி, அவருடைய பிழைப்புக்கு மானியம் ஒதுக்கச் சொன்னது.

இந்திய மரபு கடனைக் கல்வியிலிருந்து விலக்கவில்லை. கல்வியையே கடன் என்றது. தைத்திரீய சம்ஹிதை, அந்தணன் மூன்று கடன்களோடு பிறக்கிறான் என்கிறது: ரிஷிகளுக்கு, தேவர்களுக்கு, முன்னோர்களுக்கு. ரிஷிகளின் கடனை அடைக்கும் வழி கற்பது. இது பணத்தால் தீராத கடன், வட்டியும் கிடையாது. குருவுக்கோ படிப்பு முடியும் முன் எதுவும் தரக் கூடாது என்கிறது மனுஸ்மிருதி; முடிந்ததும் இயன்றதைத் தரலாம், அது நிலமாகவோ பொன்னாகவோ, வெறும் கீரையாகவோ இருக்கலாம். இந்தத் தாராளத்தைப் புகழும்போது, அந்தக் கல்வியின் கதவு யாருக்கெல்லாம் அடைக்கப்பட்டிருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அதே நூல் சூத்திரருக்கு வேதத்தை மறுத்தது. கட்டணமில்லாத கல்வி சிலருக்கு மட்டும் என்ற ஏற்பாட்டோடு ஒப்பிட்டால், சாதி கேட்காமல் கடன் தரும் வங்கி பெரிய முன்னேற்றம். 2001இல் இந்திய வங்கிகள் சங்கம் வகுத்த மாதிரிக் கல்விக் கடன் திட்டம் 4 லட்சம் ரூபாய் வரை சொத்துப் பிணை கேட்கவில்லை. அடமானம் வைக்க ஒரு சென்ட் நிலம்கூட இல்லாத வீடுகளிலிருந்து பிள்ளைகள் பொறியியல் கல்லூரிக்குப் போனதில் அந்த விதிக்குப் பங்கு உண்டு.

தமிழ் மரபு இந்த விஷயத்தில் கூச்சப்படவில்லை. புறநானூற்றின் 183ஆம் பாட்டு, ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன் பாடியது. ஆசிரியருக்கு உதவியும் மிகுந்த பொருள் கொடுத்தும் கற்பது நல்லது என்று ஓர் அரசனே சொல்கிறான். அதற்கு அவன் அடுக்கும் காரணங்கள் நடைமுறைக் காரணங்கள்: படித்த பிள்ளையிடம் தாயின் மனம் சாயும், படித்தவன் சொல்லும் வழியில் அரசு நடக்கும், பிறப்பில் கீழென்று வைக்கப்பட்டவன் கற்றால் மேலென்று வைக்கப்பட்டவனும் அவனிடம் வந்து நிற்பான். கல்விக்குப் பயன் உண்டு, பயனுக்காகச் செலவிடலாம் என்பதில் அவனுக்குச் சந்தேகமில்லை. ஆக, பட்டத்தின் சம்பளத்தைக் கணக்கிடுவது பாவமல்ல. கணக்கில் எது விடுபடுகிறது என்பதே பார்க்க வேண்டியது.

விடுபடுவது எது என்பதை இரண்டு பழைய கதைகள் நன்றாகக் காட்டுகின்றன. காளிதாசரின் ‘ரகுவம்சம்’ ஐந்தாம் சருக்கத்தில் கௌத்சன் என்ற மாணவன் வருகிறான். படிப்பு முடிந்ததும் குரு வரதந்துவிடம் தட்சிணை என்ன தர வேண்டும் என்று கேட்கிறான். நீ செய்த பணிவிடையே போதும் என்கிறார் குரு. மாணவன் விடாமல் வற்புறுத்துகிறான். குருவுக்குக் கோபம் வந்துவிடுகிறது. பதினான்கு வித்தை சொல்லிக்கொடுத்தேன், பதினான்கு கோடி கொண்டுவா என்கிறார். கீரைக்கட்டில் முடிந்திருக்க வேண்டிய கடன் ஒரே பேச்சில் கோடிகளாகிறது. கௌத்சன் ரகு மன்னனிடம் போகிறான். மன்னனோ வேள்வியில் எல்லாவற்றையும் தானம் செய்துவிட்டு மண் பாத்திரத்தோடு நிற்கிறான். ஆனாலும் மாணவனை வெறுங்கையோடு அனுப்ப அவனுக்கு மனமில்லை. குபேரன்மேல் படையெடுக்கத் தயாராகிறான், கருவூலத்தில் பொன்மழை பொழிகிறது. அதற்குப் பிறகு நடப்பதுதான் கதையின் உச்சம். மன்னன் முழுவதையும் எடுத்துக்கொள்ளச் சொல்கிறான். மாணவன் பதினான்கு கோடிக்கு மேல் ஒரு காசு தொட மறுக்கிறான்.

இன்னொன்று பாலி மொழியின் தூத ஜாதகக் கதை. தட்சசீலத்தில் படித்து முடித்த ஏழை மாணவன் ஊர் ஊராக இரந்து ஆசிரியருக்குக் கொடுக்கப் பொன் சேர்க்கிறான். கங்கையைக் கடக்கும்போது ஓடம் ஆட்டம் கண்டு பொன் ஆற்றில் போய்விடுகிறது. மறுபடி இரந்து சேர்க்க எத்தனை காலம் ஆகுமோ என்று அவன் கரையிலேயே உண்ணாமல் உட்கார்ந்துவிடுகிறான். யார் வந்து கேட்டாலும் வாய் திறப்பதில்லை. துன்பத்தைத் தீர்க்க வல்லவனிடம் மட்டுமே சொல்வேன் என்பது அவன் கட்சி. கடைசியில் அரசனே வருகிறான், இழந்ததைப்போல் இரண்டு மடங்கு கொடுத்து அனுப்புகிறான்.

இரண்டு மாணவர்களுமே கடனை மறுக்கவில்லை, ஏமாற்றவும் நினைக்கவில்லை. ஒருவனுடைய கடன் அவனுடைய சக்திக்கு அப்பாற்பட்டது. இன்னொருவன் சம்பாதித்தது ஆற்றோடு போனது. இரண்டு கதைகளிலும் குருவிடம் போய் விட்டுக்கொடுக்கச் சொல்லி யாரும் பேரம் பேசவில்லை, மாணவனின் சாமர்த்தியத்தைக் குறை சொல்லவும் இல்லை. அரசு நடுவில் வந்து நிற்கிறது. முயற்சியும் நேர்மையும் இருந்தும் பணம் வராமல் போனால் அந்த இழப்பைத் தாங்க வேண்டியவர் மாணவர் அல்ல என்பதைக் கதை சொன்னவர்கள் வாதிடக்கூட இல்லை, இயல்பாக எடுத்துக்கொண்டார்கள்.

மாணவரின் நேர்மையை நம்பி ஏற்பாடு செய்தால் ஏமாற்றமாட்டாரா என்ற சந்தேகமும் பழையதே. கிரேக்கத்தில் சோஃபிஸ்டான புரோட்டகோரஸ், கேட்ட கட்டணம் அதிகம் என்று மாணவர் நினைத்தால் கோயிலில் சத்தியம் செய்து தனக்குச் சரியென்று பட்டதைத் தரலாம் என்று விட்டுவிட்டாராம். அவரைப் பற்றி ரோமானிய எழுத்தாளர் ஆலஸ் கெல்லியஸ் சொல்லும் கதை வேறு மாதிரி. யூவத்லஸ் என்ற மாணவர் பாதிக் கட்டணம் கொடுத்து, மீதியை முதல் வழக்கில் ஜெயித்த பிறகு தருவதாக ஒப்புக்கொண்டார். படித்து முடித்துவிட்டு வழக்கே எடுக்காமல் இருந்தார். ஆசிரியர் வழக்குப் போட்டார்: நான் ஜெயித்தால் தீர்ப்புப்படி நீ தர வேண்டும், நீ ஜெயித்தால் ஒப்பந்தப்படி நீ தர வேண்டும் என்றார். மாணவரோ அதே வாதத்தைத் தலைகீழாகத் திருப்பினார். நீதிபதிகள் தீர்ப்புச் சொல்லாமலே வழக்கை ஒத்திவைத்தார்கள். தர்க்கப் புதிராக இந்தக் கதையைச் சொல்வது வழக்கம். வருமானம் வந்தால் மட்டும் அடைக்கும் கல்விக் கடன் பற்றிய முதல் வழக்காகவும் இதைப் படிக்கலாம்.

இருபதாம் நூற்றாண்டில் இந்த யோசனையை மீட்டெடுத்தவர் சந்தைப் பொருளாதாரத்தின் பெரிய வக்கீலான மில்டன் ஃபிரீட்மன். 1955இல் எழுதிய கட்டுரையில், மாணவருக்குக் கடன் தருவதற்குப் பதில் அவருடைய எதிர்கால வருமானத்தில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளலாம் என்றார். யேல் பல்கலைக்கழகம் 1971இல் இதற்கு ஒரு வடிவம் கொடுத்தது. ஆயிரம் டாலர் கடனுக்கு ஆண்டு வருமானத்தில் 0.4 சதவீதம், அதுவும் அந்த ஆண்டு சேர்ந்த குழு முழுவதின் கடனும் அடையும்வரை, அதிகபட்சம் 35 ஆண்டு. நிறையச் சம்பாதித்தவர்கள் மொத்தமாகக் கட்டிவிட்டு வெளியேறினார்கள், சிலர் கட்டாமலே விட்டார்கள், நடுவில் இருந்தவர்கள் எல்லாருடைய சுமையையும் சுமந்து கசந்துபோனார்கள். கடைசியில் பல்கலைக்கழகமே மிச்சத்தைத் தள்ளுபடி செய்து மூடிவிட்டது. சின்னக் குழுவால் ஆபத்தைப் பகிர்ந்துகொள்ள முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது கடினம்.

அதே யோசனையை ஒரு நாடு முழுவதற்கும் விரித்தது ஆஸ்திரேலியா, 1989இல். மாணவரின் வருமானம் ஒரு வரம்பைத் தாண்டினால் வரியோடு சேர்த்துத் தவணை பிடிக்கப்படும்; வரம்புக்குக் கீழே போனால் தவணை தானாக நின்றுவிடும். 2025-26க்கான வரம்பு 67,000 ஆஸ்திரேலிய டாலர். சாதாரண வட்டி கிடையாது, விலைவாசி உயர்வு, கூலி உயர்வு இரண்டில் குறைந்ததற்கு ஏற்பத் தொகை மட்டும் திருத்தப்படும். யூவத்லஸ் இங்கே தப்ப முடியாது, வரித்துறையிடம் அவர் வருமானம் தெரியும். கங்கையில் பொன்னை இழந்தவர் கரையில் பட்டினி கிடக்கவும் வேண்டாம். ஐ.இ. தன் டார்கெட்டில் சேர்க்கும் அலவன்ஸை இந்த ஏற்பாடு கடன் பத்திரத்தில் சேர்த்திருக்கிறது.

அரசு ஏன் தாங்க வேண்டும் என்ற கேள்விக்கு டெய்லரே ஒரு விடை வைத்திருக்கிறார், தெரியாமல். 1911இல் வந்த தன் நூலில், பெத்லஹம் எஃகு ஆலையில் ‘ஷ்மிட்’ என்று தான் பெயரிட்ட தொழிலாளியின் கதையை அவர் எழுதினார். வார்ப்பிரும்புக் கட்டிகளை வண்டியில் ஏற்றும் அந்த ஆள் நாளைக்கு பன்னிரண்டரை டன் ஏற்றிக்கொண்டிருந்தார். டெய்லரின் முறைக்குப் பிறகு நாற்பத்தேழரை டன். கூலி 1.15 டாலரிலிருந்து 1.85 டாலர் ஆனது. வேலை ஏறக்குறைய நான்கு மடங்கு, கூலி 60 சதவீதம் கூடுதல். பலன் முழுவதும் ஷ்மிட்டுக்குப் போகவில்லை. தொழிலகப் பொறியாளருக்கும் அப்படித்தான். ஓர் அரசு மருத்துவமனையில் வரிசை பாதியாகக் குறைந்தால், ஒரு கிடங்கில் கீழே விழும் பெட்டிகள் குறைந்தால், அந்த மிச்சம் நோயாளிக்கும் நிறுவனத்துக்கும் போகும். அதன் ஒரு துளிதான் பொறியாளரின் சம்பளச் சீட்டுக்கு வரும். பலனைப் பலர் எடுத்துக்கொள்ளும்போது செலவை ஒருவரே கடனாகச் சுமப்பதை நியாயம் என்று காட்டுவது கடினம். சம்பளத்தை வைத்துப் பட்டத்தின் மதிப்பைச் சொல்வதில் உள்ள பெரிய பிழையும் இதுவே. விலையில்லாத உயர்ந்த பொருள் கல்வி என்ற புனிதப் பேச்சைவிட இந்தக் காரணம் உறுதியானது. விலையுள்ள பொருட்களையும் கண்ணியம் உள்ள மனிதரையும் 1785இல் இமானுவேல் கான்ட் பிரித்தது சரிதான். ஆனால் அந்தப் பிரிவினையை வைத்துக்கொண்டு கல்லூரிக் கட்டணத்தை நிர்ணயிக்க முடியாது.

கடனைத் திருப்பித் தருவது அறமா என்பதில் மரபுகளுக்குள் வேறுபாடு இல்லை. கடனில்லாமல் இருப்பதைப் புத்தர் இல்லறத்தாரின் நான்கு சுகங்களில் ஒன்றாக வைத்தார். கடனை எப்போது கேட்பது, எதுவரை வளரவிடுவது என்பதில்தான் அவை சட்டம் போட்டன. விவிலியத்தின் இணைச்சட்டம் ஏழாம் ஆண்டில் கடன் விடுதலை சொல்கிறது. குர்ஆன் வட்டியை விலக்கியதோடு, கடனாளி நெருக்கடியில் இருந்தால் வசதி வரும்வரை பொறுக்கச் சொல்கிறது. ஏறிய வட்டி அசலைத் தாண்டக் கூடாது என்ற இந்துச் சட்ட விதி மும்பைப் பகுதி நீதிமன்றங்களில் இன்றும் பேசப்படுகிறது. அமெரிக்கா எதிர்த் திசையில் போனது. 1976க்கு முன்பு திவாலானவரின் மற்றக் கடன்களோடு கல்விக் கடனும் தீர்ந்துவிடும்; அந்த ஆண்டுச் சட்டம் முதல் ஐந்து ஆண்டுகளுக்கு அதைத் தடுத்தது. 1998இல் கால வரம்பே எடுக்கப்பட்டது. இப்போது தாங்க முடியாத சிரமம் என்று நீதிமன்றத்தில் தனியாக நிரூபித்தால்தான் அரசுக் கல்விக் கடன் தீரும். சூதாட்டத்தில் பட்ட கடனைத் திவால் மனு தீர்க்கலாம், படித்ததற்குப் பட்ட கடனைத் தீர்ப்பது அரிது.

அர்த்தசாஸ்திரத்தின் மூன்றாம் அதிகரணத்தில், கடன் பற்றிய பகுதியில், யாருடைய கடனுக்கு வட்டி ஏறக் கூடாது என்று கௌடில்யர் ஒரு பட்டியல் தருகிறார்: நீண்ட வேள்வியில் இருப்பவர், நோயாளி, சிறுவர், ஏதுமற்றவர். அவர்களோடு, குருகுலத்தில் தங்கிப் படிப்பவர். சம்பாதிக்க முடியாத காலத்தில் கடன் வளரக் கூடாது என்பதே விதி; இரக்கம் பற்றி அவர் ஒரு சொல்லும் பேசவில்லை. அமெரிக்காவின் 27,000 டாலர் உச்சவரம்பில், தேவையுள்ள மாணவருக்கு 19,000 டாலர் வரை படிக்கும் காலத்து வட்டியை அரசு கட்டுகிறது. இந்தியாவில் 2009 முதல், இந்தியாவுக்குள் தொழிற்கல்வி படிக்கும், குடும்ப வருமானம் ஆண்டுக்கு 4.5 லட்சம் ரூபாய்க்குள் உள்ள மாணவரின் அந்தக் காலத்து வட்டியை மத்திய அரசு ஏற்கிறது. 2021 முதல் தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் பொறியியல் சேருபவரின் கட்டணத்தையே மாநில அரசு கட்டிவிடுகிறது. இந்த வரம்புகளுக்கு வெளியே இருப்பவருக்கு, முதல் செமஸ்டர் கட்டணத்தை வங்கி கல்லூரிக்கு அனுப்பிய நாளிலிருந்தே வட்டி ஓடத் தொடங்குகிறது.